இன்சுலினை விழுங்க முடியுமா?

சர்க்கரை வியாதியைப் பற்றி அறியாத குடும்பம் இன்று நம்மிடையே அநேகமாக இல்லை எனலாம். மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வின்படி 2019-ஆம் ஆண்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18.3 பேருக்கு இவ்வியாதி இருந்தது. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் அது 15.6 என்று சற்றே இறங்கியது. சிங்கப்பூர் அரசாங்கமோ 2016-ஆம் ஆண்டில் நீரிழிவின் மீது போர் தொடுப்பதாகவே அறிவித்தது. விடிந்தது முதல் கடை அடைக்கும் வரை கல்லாவில் அமர்ந்தே பொழுதைக் கழித்து, நேரம் தவறி உண்டு, வருகிறவர்களோடெல்லாம் சீனி போட்ட தேநீர் அருந்தும் நம் வியாபாரப் பெருமக்களுக்கு இதன் தொல்லையை எடுத்துக் கூற வேண்டியதில்லை.

இவ்வியாதியஸ்தர்களிடம் டாக்டர், "இனி மாத்திரை போதாது, இன்சுலின் ஊசி ஆரம்பிக்க வேண்டும்" என்று சொன்னதும் அவர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "மற்ற மருந்தெல்லாம் மாத்திரையாக வருகிறதே, இன்சுலினுக்கு மட்டும் ஏன் ஊசி?" கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடும் முயற்சியில் உலகின் பெரிய ஆராய்ச்சிக் கூடங்கள் நூறு ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கின்றன. அம்முயற்சியின் அண்மைக்காலப் பகுதிதான் பாலிமர் நானோ துகள்கள் என்பது. பத்திரிகைகளில் இதைப் பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அதைப் படித்துவிட்டு, "மாத்திரை வரப்போகிறதாமே, அதுவரை ஊசியைத் தள்ளிப் போடுவோம்" என்று சிலர் காலம் கடத்துகிறார்கள். காலம் கடத்துவதில் போவது கண்ணும் சிறுநீரகமும் கால் விரலும் ஆகையால், விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

இன்சுலின் என்பது யாது?

நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்புறம் கணையம் என்னும் உறுப்பு உள்ளது. அதில் சுரக்கும் ஒரு புரதமே இன்சுலின். இரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தசைக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் சேர்ப்பிப்பதும், ஈரல் தேவையின்றிச் சர்க்கரையை வெளியிடாமல் தடுப்பதும் அதன் பணி. அது சுரக்கவே இல்லையென்றால் முதல் வகை நீரிழிவு. சுரந்தும் போதாமலோ, உடல் அதற்குச் செவி சாய்க்காமலோ இருந்தால் இரண்டாம் வகை. நம்மில் பெரும்பாலோருக்கு உள்ளது இரண்டாம் வகை.

கனடாவின் டொராண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட், மக்லியாட், காலிப் ஆகியோர் 1921-ஆம் ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் செய்த வேலையால் இம்மருந்து உலகுக்குக் கிடைத்தது. 1922 ஜனவரி 11-ஆம் தேதி லெனார்ட் தாம்ஸன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது சரியாகப் பலிக்கவில்லை. காலிப் இன்னும் சுத்தம் செய்து கொடுத்ததை 23-ஆம் தேதி போட்டபோதுதான் பையன் தேறினான். உரிமைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட மூவரும் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு அதை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தனர். வியாபாரக் கணக்கில் இதைவிட மலிவான விற்பனை நடந்திருக்காது!

அந்நாளில் இன்சுலினை மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்தனர். பன்றியின் இன்சுலின் மனித இன்சுலினிலிருந்து ஒரே ஒரு அமினோ அமிலத்தாலும், மாட்டினுடையது மூன்றாலும் வேறுபடும். வேறு வழியில்லாத நிர்ப்பந்தத்தில் மனச் சங்கடத்தோடு அதை ஏற்றுக்கொண்ட பெரியவர்கள் நம் குடும்பங்களிலும் உண்டு. அச்சங்கடம் 1982-ஆம் ஆண்டு முதல் தீரத் தொடங்கியது. அவ்வாண்டில், நுண்ணுயிர்களுக்குள் மனித இன்சுலினின் மரபுக் குறிப்பைப் புகுத்தி, அவற்றைக் கொண்டே மனித இன்சுலினைத் தயாரிக்கும் முறை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பெரும்பாலும் புழங்குவது இவ்விதம் பாக்டீரியாவிலோ ஈஸ்டிலோ விளைந்ததே.

விழுங்கினால் என்ன ஆகும்?

இறைச்சியும் முட்டையும் புரதம், இன்சுலினும் புரதம். இதில்தான் தொல்லை முழுவதும் அடங்கியிருக்கிறது. நாம் உண்ணும் இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டிச் சீரணிக்கவே நம் வயிறும் குடலும் ஏற்பட்டிருக்கின்றன. அவை இன்சுலினை மட்டும் மருந்தென்று கண்டு மரியாதை செய்யுமா? இரைப்பையின் அமிலம் அதன் உருவைக் குலைக்கும். பெப்ஸின் என்னும் சீரண ரசம் வெட்டத் தொடங்கும். தப்பிச் சிறுகுடலுக்குள் வந்தால் டிரிப்ஸின், கைமோடிரிப்ஸின் என்னும் வேறு இரண்டு ரசங்கள் காத்திருக்கின்றன. 51 அமினோ அமிலங்கள் இரண்டு சங்கிலிகளாகக் கோத்த அந்த நுட்பமான பொருள் சிறிது நேரத்தில் வெறும் துணுக்குகளாகிவிடும்.

இவ்வளவையும் கடந்தாலும் இன்னும் இரண்டு காவல்கள் உண்டு. குடலின் உட்புறம் முழுவதும் ஒரு சளிப் படலம் பூசியிருக்கிறது. அது வலை போன்றது. அன்னியப் பொருளைப் பிடித்து வைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை தானே கழன்று அதையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கு அடியில் குடற்சுவரின் உயிரணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி நிற்கின்றன. இரண்டு அணுக்களுக்கு இடையேயுள்ள சந்து இன்சுலின் நுழைய முடியாத அளவு சிறியது. நம் சர்க்கரை மாத்திரைகளில் பெயர் பெற்ற மெட்ஃபார்மின் எவ்வளவோ சிறிய பொருள். இன்சுலினோ அதைப்போல் சுமார் 45 மடங்கு கனமானது. மெட்ஃபார்மின் மாத்திரையாக வேலை செய்வதும் இன்சுலின் செய்யாததும் இதனால்தான். இவ்விடத்தில் ஒரு வார்த்தை: மெட்ஃபார்மினைச் சிலர் "இன்சுலின் மாத்திரை" என்றே அழைக்கிறார்கள். அது தவறு. அது உடலில் உள்ள இன்சுலினை நன்கு வேலை செய்ய வைக்கும் மருந்து. இன்சுலின் அதில் இல்லை.

மருந்து கண்டுபிடித்த ஓரிரு ஆண்டுகளுக்குள்ளாகவே, அதாவது 1923-ஆம் ஆண்டு வாக்கிலேயே, இன்சுலினை மதுசாரத்தில் கரைத்து வாய் வழியே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். நம்பத்தக்க பலன் கிட்டவில்லை.

அப்படியானால் ஊசியே இருக்கட்டுமே, ஏன் இந்தப் பாடு என்று கேட்கலாம். ஊசியின் வலி ஒரு காரணம் மட்டுமே. இன்றைய ஊசிகள் மிக மெல்லியவை. அதைவிட முக்கியமானது உடலின் அமைப்பு. கணையம் சுரக்கும் இன்சுலின் நேரே ஈரலுக்குச் செல்லும் இரத்த நாளத்தில் கலக்கிறது. அதில் ஏறக்குறையப் பாதியை ஈரலே எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் உடலின் மற்றப் பாகங்களுக்கு விடுகிறது. தோலுக்கு அடியில் போடும் ஊசியிலோ இம்முறை தலைகீழாகிறது. மருந்து முதலில் உடலெங்கும் பரவி, பிறகு ஒரு பங்கே ஈரலுக்குக் கிடைக்கிறது. ஈரலுக்குப் போதிய அளவு கிடைக்கும்படி ஊசியைக் கூட்டினால் தசைகளுக்கு அளவுக்கு மீறிப் போகிறது. சர்க்கரை திடீரென்று இறங்கித் தலை சுற்றலும் மயக்கமும் வருவதற்கும், உடல் பருப்பதற்கும் இதுவும் ஒரு காரணம். குடலிலிருந்து உறிஞ்சப்படும் பொருளில் பெரும்பகுதி அந்த ஈரல் நாளத்தின் வழியேதான் போகும். ஆகவே இன்சுலினைக் குடல் வழியே ஏற்ற முடிந்தால், இயற்கை செல்லும் பாதையிலேயே மருந்தும் செல்லும். ஆராய்ச்சியாளர்கள் விடாமல் முயல்வது இதற்காகவே.

சரக்கும் கட்டுமானமும்

வியாபாரிகளுக்கு விளங்கும் விதத்தில் சொல்வதானால், இது கட்டுமானப் பிரச்சினை. உடையக்கூடிய கண்ணாடிச் சாமானை நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு அனுப்ப வேண்டுமானால் என்ன செய்வோம்? வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடைத்து அனுப்புவோம். பெட்டி அலையைத் தாங்க வேண்டும். கப்பலிலிருந்து தொங்கானில் இறக்கும்போது உடையக் கூடாது. ஆனால் கிட்டங்கிக்கு வந்து சேர்ந்தபின் சுலபமாகத் திறக்கவும் வேண்டும். திறக்க முடியாத பெட்டியால் பிரயோஜனம் இல்லை. வழியிலேயே திறந்துகொள்ளும் பெட்டியாலும் பிரயோஜனம் இல்லை.

பாலிமர் என்பது சிறிய அணுக்கூட்டங்கள் மணிமாலை போல் நீளமாகக் கோத்துக்கொண்ட பொருள். ரப்பர் ஒரு பாலிமர், பருத்தியும் ஒன்று, பிளாஸ்டிக் பையும் ஒன்று. இவற்றில் உடலுக்குத் தீங்கு செய்யாமல் தானே கரைந்து போகும் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து, நுண்ணிய உருண்டைகளாக்கி, அதனுள் இன்சுலினை வைக்கிறார்கள். நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர். மருந்து அடைத்த துகளோ பெரும்பாலும் 100 முதல் 300 நானோமீட்டர் வரை இருக்கும்.

இவ்வேலைக்கு அதிகம் ஆராயப்பட்ட பாலிமர்களில் ஒன்று கைட்டோஸான். இது இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டிலிருந்து வருவது. மீன் பதனிடும் ஆலைகள் குப்பையென்று ஒதுக்கும் ஓட்டை அமிலத்தில் ஊறவைத்துச் சுண்ணாம்புச் சத்தை நீக்கி, கடுமையான காரத்தில் காய்ச்சினால் இது கிடைக்கும். இதை மெல்லிய காடியமிலத்தில் கரைத்து, இன்சுலினையும் சேர்த்து, டிரைபாலிபாஸ்பேட் என்னும் உப்பின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினால், நேர் மின்னேற்றமுள்ள கைட்டோஸானும் எதிர் மின்னேற்றமுள்ள உப்பும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு அந்தக் கணமே நுண்துகள்களாக உருளும். சூடும் வேண்டாம், கடுமையான திரவமும் வேண்டாம். ஆகையால் இன்சுலின் கெடாமல் உள்ளே தங்குகிறது. (இதே உப்பைத்தான் இறால் உறைய வைக்கும் ஆலைகளிலும் தண்ணீர் வடியாமல் இருப்பதற்காகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வேடிக்கை.)

கைட்டோஸானுக்கு வேறு இரண்டு குணங்களும் உண்டு. குடலின் சளிப் படலம் எதிர் மின்னேற்றம் உடையதாகையால், இத்துகள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். மேலும் அணுக்களுக்கிடையேயுள்ள இறுகிய சந்தைச் சிறிது நேரத்துக்குத் தளர்த்திவிடும். அந்தத் தளர்ந்த சந்து வழியே துகள் நுழையாது. துகள் அதற்கு மிகப் பெரியது. துகளிலிருந்து வெளிப்பட்ட இன்சுலினே நுழையும்.

கேட்பதற்கு எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் கைட்டோஸான் அமிலத்தில் கரையும் பொருள். இரைப்பையோ அமிலக் கிடங்கு. எனவே துகள் அங்கேயே அவிழ்ந்துவிடும். இதற்காகக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் என்னும் பொருளை மேலே பூசுகிறார்கள். அல்லது குடலுக்கு வந்தால்தான் கரையும் உறைக்குள் அடைக்கிறார்கள். சரி, குடலுக்கு வந்தாயிற்று. அங்கே அமிலம் குறைந்துவிடுவதால் கைட்டோஸான் தன் மின்னேற்றத்தை இழந்து, ஒட்டும் சக்தியையும் பெரும்பாலும் இழந்துவிடுகிறது! ஒன்றைச் சரிக்கட்டினால் ஒன்று நழுவுகிறது. கைட்டோஸானின் உருவில் சிறு மாற்றங்கள் செய்து இக்குறையைத் தீர்க்கப் பலர் முயன்று வருகிறார்கள்.

இன்னொரு பாலிமர் பி.எல்.ஜி.ஏ. எனப்படுவது. அறுவைச் சிகிச்சையில் தைத்தபின் தானே கரையும் நூலாக 1970-களிலிருந்து வைத்திய உலகில் பழகிய பொருள். உடலில் இது லாக்டிக் அமிலமாகவும் கிளைக்காலிக் அமிலமாகவும் பிரிந்து கழிந்துவிடும். பத்திரம் என்ற வகையில் இதற்கு நல்ல பெயர். ஆனால் துகள் செய்ய எண்ணெய்த் தன்மையுள்ள கரைப்பான்கள் தேவைப்படுவதால் இன்சுலினுக்குச் சேதம் நேரலாம். தவிர, உள்ளே வைத்ததில் கணிசமான பங்கு துகளின் மேற்புறத்தில் தங்கி, முதல் சில நிமிடங்களிலேயே வெளியே கொட்டிவிடும்.

துகள் சளியில் ஒட்ட வேண்டுமா, ஒட்டாமல் வழுக்கிச் செல்ல வேண்டுமா என்பதிலேயே ஆராய்ச்சியாளர்களிடம் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. ஒட்டினால் குடலில் நெடுநேரம் தங்கும் என்பது ஒரு கட்சி. ஒட்டினால் சளியோடு சேர்ந்து கழிந்து போகும். ஆகவே பாலிஎதிலீன் கிளைக்கால் போன்ற வழவழப்பான மேற்பூச்சுப் பூசிச் சளியை ஊடுருவச் செய்வதே மேல் என்பது மற்றக் கட்சி. இரண்டாவது கட்சியின் வாதமே வலுவாகத் தோன்றுகிறது. கழிந்து போகும் சுவரில் சுவரொட்டி ஒட்டி என்ன லாபம்?

எலிக்குப் பலித்தது

1988-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சயனோஅக்ரிலேட் வகைப் பாலிமரால் செய்த நுண்குப்பிகளில் இன்சுலினை அடைத்து, நீரிழிவுள்ள எலிகளின் இரைப்பைக்குள் செலுத்தினார்கள். நம் கடைகளில் விற்கும் கடும் பசையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். பட்டினி கிடந்த எலிகளின் இரத்தச் சர்க்கரை பாதியளவு இறங்கியதோடு, அந்தப் பலன் பல நாட்கள் நீடிக்கவும் செய்தது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. 1997-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எடித் மத்தியோவிட்ஸும் அவருடைய சகாக்களும், குடலில் ஒட்டி மெல்லத் தேயும் வேறொரு பாலிமர் உருண்டைகளைக் கொண்டு இன்சுலினை எலிகளில் உட்செலுத்திக் காட்டினார்கள். அதற்குப் பின் வெளிவந்த எலிப் பரிசோதனைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆனால் எலிக்குக் கொடுத்த அளவைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிரெஞ்சுப் பரிசோதனையில் கொடுத்தது உடல் எடை கிலோவுக்கு 12.5 முதல் 50 யூனிட் வரை. அறுபது கிலோ எடையுள்ள மனிதருக்குக் கிலோவுக்கு 50 யூனிட் என்றால் 3,000 யூனிட்! அவர் ஒரு நாளில் ஊசியாகப் போட்டுக்கொள்வது பெரும்பாலும் 30 யூனிட் அளவில்தான் இருக்கும். மேலும் பட்டினி எலியில் கண்ட பலன் தீனி தின்ற எலியில் குறைவாகவே இருந்தது. மனிதரோ உண்பவர், அதிலும் ஒவ்வொரு நாளும் வேறு வேறு விதமாக உண்பவர்.

கணக்கைப் பார்ப்போம்

இங்கேதான் நம் வாசகர்கள் பேரேட்டைத் திறந்து பார்க்க வேண்டும். ஒருவருக்கு 20 யூனிட் இன்சுலின் தேவை. மாத்திரையில் உள்ளதில் நூற்றுக்கு இரண்டு பங்குதான் இரத்தத்தில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மாத்திரைக்குள் 1,000 யூனிட் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கும் பத்து மில்லி லிட்டர் குப்பி ஒன்றில் மொத்தம் உள்ளதே 1,000 யூனிட். ஊசியாகப் போட்டால் 50 நாளைக்கு வரும் சரக்கை ஒரே நாளில் விழுங்கி, 49 பங்கைக் கழிவறையில் விடுவதற்கு ஒப்பாகும் இது.

நஷ்டம் பணத்தோடு நிற்பதாயிருந்தால்கூடப் பரவாயில்லை. இன்று நூற்றுக்கு இரண்டு சேர்ந்தது, நாளை மூன்று சேர்ந்தது என்றால் வித்தியாசம் காகிதத்தில் அற்பமாகத் தெரியும். உடம்புக்கோ 20 யூனிட்டுக்குப் பதில் 30 யூனிட். அந்த ஒன்றரை மடங்கு, மயக்கம் போட்டு விழச் செய்யப் போதுமானது. இரத்த அழுத்த மாத்திரை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் உடல் பொறுத்துக்கொள்ளும். இன்சுலினில் அந்தச் சலுகை இல்லை. என் அபிப்பிராயத்தில், எவ்வளவு உள்ளே போகிறது என்பதைவிட, தினமும் ஒரே அளவில் போகிறதா என்பதே இத்துறையின் கடினமான கேள்வி. பத்திரிகைச் செய்திகளில் இதைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் கம்பெனி இதை நன்கு அறிந்தே வேலை செய்தது. உடலில் பல நாட்கள் தங்கும்படி மாற்றியமைத்த ஒரு வகை இன்சுலினை, குடற்சுவரை இளக்கும் ஒரு கொழுப்பமில உப்போடு சேர்த்து மாத்திரையாக்கினார்கள். நெடுநாள் தங்குவதால் ஒரு நாள் கூடுவதும் மறுநாள் குறைவதும் சேர்ந்து சமனாகிவிடும் என்பது யுக்தி. இரண்டாம் வகை நீரிழிவுள்ள 50 பேரிடம் எட்டு வாரம் பரிசோதித்து 2019-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். கிளார்ஜின் ஊசி போட்டவர்களுக்கு எவ்வளவு சர்க்கரை இறங்கியதோ, மாத்திரை விழுங்கியவர்களுக்கும் ஏறக்குறைய அவ்வளவே இறங்கியது. வெற்றிதானே? ஆனால் கம்பெனி அம்முயற்சியை நிறுத்திவிட்டது. ஊசியைப்போல் பல மடங்கு இன்சுலின் ஒவ்வொரு மாத்திரைக்கும் தேவைப்பட்டதால், அதை ஊருக்கெல்லாம் தயாரித்து விற்பது கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டார்கள்.

அதே கம்பெனியின் செமாகுளூடைட் என்னும் வேறொரு மருந்து 2019 செப்டம்பரில் மாத்திரையாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் புரதத்தைச் சேர்ந்த பொருள்தான். ஆனால் இன்சுலின் ஆகாது. அன்று அதன் ஊசி வாரத்துக்கு அதிகபட்சம் 1 மில்லிகிராம். மாத்திரையோ தினம் 14 மில்லிகிராம், ஆக வாரத்துக்கு 98. பெரும்பகுதி வீணாகியும் அது நிற்பதற்குக் காரணம், அம்மருந்து உடலில் நெடுநாள் தங்குவதும், சற்றுக் கூடினாலும் சர்க்கரையை ஆபத்தான அளவுக்குத் தானாக இறக்காததும்தான். இன்சுலினுக்கு இந்த இரண்டாவது பாக்கியம் கிடையாது.

மற்றவர்களின் அனுபவமும் உண்டு. சீரண ரசத்தைத் தடுக்கும் பொருளோடு சேர்த்த இன்சுலின் உருண்டையை ஓராமெட் என்ற கம்பெனி 700-க்கும் மேற்பட்டோரிடம் பரிசோதித்தது. வெறும் உருண்டையைவிட அது மேலானதல்ல என்ற முடிவு 2023 ஜனவரியில் வெளியானதும் கம்பெனியின் பங்கு விலை சரிந்தது. குடலை விட்டு நுரையீரல் வழி போனவர்களும் தப்பவில்லை. ஃபைஸர் கம்பெனி மூச்சில் இழுக்கும் இன்சுலின் பொடிக்கு 2006-ஆம் ஆண்டில் அனுமதி பெற்றது. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் கருவி பெரிது, விலை அதிகம், வாங்குவோர் இல்லை. 2007 அக்டோபரில் அதைக் கைவிட்டபோது கம்பெனி தன் கணக்கில் எழுதிய நஷ்டம் 280 கோடி டாலர். ஊசியை வெறுப்பவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள் என்பதனால் மாற்று மருந்துக்குச் சந்தை தானே வந்துவிடும் என்று நினைப்பது தப்புக் கணக்கு.

அண்மைச் செய்தி

2024 ஜனவரியில் சிட்னி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்களும் நார்வே நாட்டவர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு கவனிக்கத்தக்கது. வெள்ளி சல்பைடு என்னும் பொருளின் மிக நுண்ணிய மணிகளில் இன்சுலினை இணைத்து, அதன்மேல் கைட்டோஸானும் குளூக்கோஸும் சேர்ந்த பாலிமர் உறை பூசியிருந்தார்கள். மருந்து குடலைக் கடந்து ஈரலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது உறை விரைவாகக் கழன்று இன்சுலினை விடுகிறது. குறைந்திருக்கும்போது மெதுவாக விடுகிறது. சுண்டெலி, எலி ஆகியவற்றுக்குப் பிறகு 20 பபூன் குரங்குகளுக்குச் சர்க்கரை சேர்க்காத சாக்லேட்டில் வைத்துக் கொடுத்தார்கள். சர்க்கரை இறங்கியது, ஆபத்தான தாழ்நிலைக்குப் போகவில்லை. முன் சொன்ன "ஒரே அளவு" என்ற கடினமான கேள்விக்கு, தேவைக்கேற்பத் தானே திறக்கும் பெட்டி என்ற விதத்தில் இது விடை தேடுகிறது. நம்பிக்கை தரும் பாதை இதுவே என்று தோன்றுகிறது. ஆயினும் ஒரு நீரிழிவு நோயாளி மாத்திரையை நாள் தவறாமல் இருபது முப்பது ஆண்டுகள் விழுங்க வேண்டியவர். அத்தனை காலம் வெள்ளித் துகள் உள்ளே போவதால் என்ன விளையும், குடற்சந்தைத் தினமும் தளர்த்தும் பொருள்களால் வேண்டாத நச்சும் சேர்ந்து நுழையுமா என்பனவற்றைக் குரங்குகளில் சில வாரம் பார்த்து முடிவு கட்ட முடியாது.

ஆகவே இன்றைய நிலை இது: விழுங்கும் இன்சுலின் மாத்திரை எதுவும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெறவில்லை. ஆகையால் எவரேனும் கடைக்கு வந்து "இன்சுலின் கேப்ஸ்யூல்" என்று சரக்கு காட்டினால், மலேசியாவில் மருந்துக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பதிவு எண்ணையும், சிங்கப்பூரில் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பதிவையும் கேளுங்கள். பெட்டியில் "நானோ" என்று போட்டிருப்பது பதிவு ஆகாது. இன்சுலின் செடி என்று நர்சரிகளில் விற்கும் இலையிலும் இன்சுலின் கிடையாது. இத்தகைய சரக்கை நம்பி ஊசியை நிறுத்தினால், இரண்டாம் வகை நோயாளிக்குக் கேடு மெல்ல வரும். முதல் வகை நோயாளிக்கோ இரத்தம் அமிலமாகிச் சில நாட்களுக்குள்ளேயே உயிருக்கு ஆபத்து. வாங்குபவர் எந்த வகை நோயாளி என்பது விற்பவருக்குத் தெரியாது.

நோன்பு காலத்தில்

கடைசியாக, நம்மவர் அடிக்கடி கேட்கும் ஒரு விஷயம். ஜித்தாவிலுள்ள சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு கழகம் 1997-ஆம் ஆண்டில் எடுத்த முடிவின்படி, உணவாக ஏற்றப்படாத தோல், தசை, நரம்பு ஊசிகளால் நோன்பு முறியாது. இன்சுலின் ஊசி இதில் அடங்கும். வாயால் விழுங்கும் மாத்திரையோ எவ்வளவு நுண்ணிய துகளானாலும் பகலில் நோன்பை முறித்துவிடும். ஆகவே இன்சுலின் மாத்திரை என்றேனும் வந்தால், பகலில் சர்க்கரை ஏறினால் சரிசெய்துகொள்ள நம் நோயாளிகள் ஊசியையும் கையில் வைத்திருக்க வேண்டிவரும். நாள் முழுதும் வேலை செய்யும் வகையாக வந்தால் இரவில் ஒரு வேளை விழுங்கினால் போதும். அதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இப்போதுள்ள செமாகுளூடைட் மாத்திரையையே வெறும் வயிற்றில் அரை டம்ளர் தண்ணீருக்கு மேற்படாமல் குடித்து விழுங்கி, அரை மணி நேரம் எதையும் உண்ணாமல் காத்திருக்க வேண்டும். நோன்பு திறக்கும் வேளையில்தான் வயிறு வெறுமையாக இருக்கும். அதை உபயோகிப்பவர்கள் மாத்திரையை அந்தத் தண்ணீரோடு விழுங்கி நோன்பைத் திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து, அரை மணி கழிந்தபின் கஞ்சியில் கை வைக்கலாமா என்று ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே தங்கள் டாக்டரைக் கேட்டு நேரத்தை நிர்ணயித்துக்கொள்வது நல்லது. ஊசி போடுகிறவர்கள் அதே சந்திப்பில் ஸஹர் வேளைக்கும் இஃப்தார் வேளைக்கும் எத்தனை யூனிட் என்று தனித்தனியே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.